கோப்பறையும் படுக்கையறையும்

அரசியலாளரின் ஊழலைத் துருவி ஆராய்வது இதழ்களின் கடமை. அவர்தம் இல்லத்துச் சாளரத்தில் கண் வைப்பது இதழ்த்தொழிலுக்கே இழுக்கு. இவ்விரண்டையும் ‘அம்பலப்படுத்தல்’ என்னும் ஒரே பெயரால் விற்பதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முந்த்ரா ஊழலை நினைவுகூர்வோம். ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957-இல் ஏறத்தாழ 1¼ கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிய செய்தியை மக்களவையில் எழுப்பினார் பெரோஸ் காந்தி. சாக்ளா ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. வாங்கச் சொன்னவர் யார், என்ன விலைக்கு, எவர் நலனுக்காக என்பனவே வினாக்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதற்கு எவருடைய படுக்கையறையையும் திறக்க நேரவில்லை.

இருபதாண்டு கழித்து நிகழ்ந்தது யாது? மேனகா காந்தியை ஆசிரியராகக் கொண்ட ‘சூர்யா’ இதழ் 1978-இல், அந்நாளைய பாதுகாப்பு அமைச்சர் ஜகஜீவன் ராமின் மகன் ஓர் இளம்பெண்ணுடன் இருந்த அந்தரங்கப் படங்களை வெளியிட்டது. மகன் அமைச்சர் அல்லர். அப்பெண்ணோ மக்களிடம் வாக்குக் கேட்டவர் அல்லர். தந்தையை நோக்கி எறிந்த கல் அவர்மீது விழுந்தது. அவர் மானத்துக்கு விடை சொல்வார் யார்?

“பொதுவாழ்வினர்க்கு அந்தரங்கம் ஏது?” என வாதிடுவோர் உளர். உறவினர்க்குப் பதவியோ ஒப்பந்தமோ வழங்கப்பட்டிருப்பின், அரசுப் பணம் செலவாகியிருப்பின், அது அந்தரங்கமன்று. எழுதுக, ஆவணத்தோடு எழுதுக! 1994-இல் ‘நக்கீரன்’ இதழ் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறியும் இதுவே அன்றோ? தனிவாழ்வுக்குக் காப்பு உண்டு. அலுவல் நடத்தைக்கு அக்காப்பு இல்லை.

தலைநகரில் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நாம் ஒன்று அறிவோம். ஒரு குறிப்பின் ஓரத்தில் இட்ட சுருக்கொப்பத்தின் பொருளை உணரப் பல நாள் உழைக்க வேண்டும். வம்புச் செய்தி சேர்க்க ஒரு நாழிகை போதும். எனவே எளியது அச்சேறுகிறது; அரியதன்மேல் தூசி படிகிறது. கொள்ளையடித்தவனுக்கு இதனினும் நற்பேறு உண்டோ?

நாடாளுமன்ற நடவடிக்கைகளை இதழ்கள் அஞ்சாது வெளியிட 1956-இல் சட்டம் கொண்டுவந்தவரும் பெரோஸ் காந்தியே. நெருக்கடிநிலையின்போது 1976-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது, 1977-இல் மீண்டது. அரிதின் மீண்ட உரிமையை வம்பளக்கச் செலவிடும் இதழ்கள், மற்றொரு நாள் அது பறிபோகுங்கால் மக்கள் துணைநிற்பர் என எங்ஙனம் எதிர்பார்க்கும்?