முதல் பூச்சியைக் கொல்லாதீர்கள்

எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் இரண்டு வாளிகளில் மிளகாய்ச் செடி வளர்த்தேன். பூவிடும் நேரத்தில், இளம் இலைகளின் அடியில் பச்சைப் புள்ளிகளாக அசுவினிகள் தெரிந்தன. கடையில் விற்கும் பூச்சிக்கொல்லியை நான் தொடுவதில்லை. பூண்டு, மிளகாய்த்தூள், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் தண்ணீரில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தெளித்தேன். எல்லாம் சமையலறைப் பொருள்தானே என்ற நிம்மதி எனக்கு.

இரண்டு வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. அசுவினி முன்பைவிட அதிகமாயிற்று. ஒருநாள் காலையில் ஓர் இலையின் அடியில் செத்துக் கிடந்த பூச்சியொன்றைப் பார்த்தேன். கறுத்த உடல், ஆரஞ்சுப் பொட்டுகள், ஆறு கால்கள்; சின்னஞ்சிறு முதலை போன்ற உருவம். பார்க்கப் பயமாக இருந்தாலும், அது பொறிவண்டின் இளம்புழு. வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னக்கூடியது. கூலி கேட்காமல் வேலைக்கு வந்தவனை நானே கொன்றுவிட்டேன்.

மாணவர்களே, 'ரசாயனம் இல்லாமல் வீட்டுத்தோட்டம்' என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பள்ளிகளில் போட்டிகள் நடக்கின்றன. தொலைபேசியைத் திறந்தால் பூச்சிவிரட்டிச் செய்முறைகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு புட்டிக்குப் பதிலாக இன்னொரு புட்டியைத்தான் நம் கையில் கொடுக்கின்றன. பூச்சியைக் கண்டவுடன் தெளிக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. மாற வேண்டியது அந்தப் பழக்கம் என்பதே என் கருத்து.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். பெண் அசுவினி ஆண் துணையில்லாமலே உயிருள்ள குஞ்சுகளை ஈனும். நம் நாட்டு வெப்பத்தில் அந்தக் குஞ்சு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாவதற்கு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு தெளிப்பில் இரண்டையும் கொன்றால் முதலில் மீண்டு வருவது எது? அசுவினிதான். அப்போது அதைத் தின்ன ஆளிருக்காது. அதனால் மறுபடியும் தெளிப்பீர்கள். பூச்சியியலில் இதற்குப் பூச்சி மீள்பெருக்கம் என்று பெயர். எனக்கு நடந்ததும் இதுதான்.

இது வாளிச் செடியோடு நிற்கும் விஷயமல்ல. நம் நாட்டிலேயே பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், அப்போது வட போர்னியோ எனப்பட்ட சபாவில், காட்டை அழித்துப் புதிதாகக் கொக்கோ பயிரிட்டார்கள். பூச்சிகள் தாக்கியதும் வீரியமிக்க பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தார்கள். பூச்சிகள் குறையவில்லை, புதுப்புது வகைகளும் கிளம்பின. அங்கே வேலைக்கு வந்திருந்த கோர்டன் கான்வே என்ற பூச்சியியலாளருக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். தெளிப்பதை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். நிறுத்தினார்கள். இயற்கை எதிரிகள் திரும்பி வந்தன. பூச்சிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாமே தானாக நடந்துவிடவில்லை. மரப்பட்டையைத் துளைக்கும் ஒரு பூச்சிக்காக, அது பெருகும் காட்டு மரங்களைத் தோட்டத்தின் ஓரங்களிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி செய்த வேலை அது. அந்த இளைஞர்தான் பின்னாளில் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் தலைவரானார்.

செம்பனைத் தோட்டங்களிலும் இதே கதை உண்டு. உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் அங்கே வேலை செய்தவர்கள்; கேட்டுப் பாருங்கள். பைப்புழு என்றொரு புழு, இலைத் துணுக்குகளால் தனக்கு ஒரு பை பின்னிக்கொண்டு அதற்குள் இருந்தபடியே ஓலையைத் தின்னும். கண்டதையெல்லாம் கொல்லும் மருந்துகளை அடித்த பிறகே அது கட்டுக்கடங்காமல் பெருகியது என்பதைப் பிரையன் வூட் என்ற ஆய்வாளர் 1960-களில் எடுத்துக்காட்டினார். புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் மருந்தில் அழிந்துபோனதே காரணம். இன்று செம்பனைத் தோட்டப் பாதையோரங்களில் டர்னெரா என்ற பூச்செடியை வரிசையாக நட்டிருப்பதைப் பார்க்கலாம். மலாயில் 'எட்டு மணிப் பூ' என்ற பொருளில் அதற்குப் பெயருண்டு. அழகுக்காக மட்டும் நட்டதல்ல. அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டது.

தெளிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி, டிடிடி மருந்துக்குப் பழகிப்போனது 1950-களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் கண்டறியப்பட்டது. மருந்தில் தப்பிப் பிழைக்கும் சில பூச்சிகளே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. அந்தத் தலைமுறையில் மருந்தைத் தாங்குபவை கூடுதலாக இருக்கும். உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் இயற்கைத் தேர்வு இதுதான். கேமரன் மலையிலும் அந்தப் பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாக வென்றது. அதனால்தான் 1970-களில் அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இவ்வளவு தெரிந்திருந்தும் விவசாயிகள் ஏன் தெளிக்கிறார்கள்? அவர்களைக் குற்றவாளிகளாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர், குளவி வரட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தால் விளைச்சலே போய்விடலாம். அதைவிட முக்கியமான காரணம் நம்மிடமே இருக்கிறது. இரவுச் சந்தையில் சாவிக் கீரை வாங்கும்போது ஓட்டை விழுந்த கட்டை ஒதுக்கிவிட்டு, ஓட்டையில்லாத கட்டைத்தானே எடுக்கிறோம்? ஓட்டையில்லாத கீரைதான் விலைபோகும் என்றால் விவசாயி என்ன செய்வார்?

வீட்டில் வளர்ப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. பத்து இலை போனாலும், ஒரு செடியே பட்டுப்போனாலும் அன்றைய சோறு நின்றுவிடாது. காத்திருக்க நமக்கு வசதி இருக்கிறது. அந்த வசதியை வைத்துக்கொண்டும் முதல் பூச்சியைக் கண்டதும் தெளிப்புப் புட்டியைத் தேடி ஓடுவதற்கு நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்து, 'இயற்கை என்றால் ஆபத்தில்லை' என்ற நம்பிக்கை. மலாய் வகுப்பில் 'ஆயர் சுசு டிபாலாஸ் டெங்ஙான் ஆயர் தூபா' என்ற பழமொழியைப் படித்திருப்பீர்கள். பாலுக்குப் பதிலாகத் தூபா நீரைக் கொடுத்தான் என்பது அதன் பொருள். தூபா என்பது ஒரு கொடியின் வேர். ஆற்றில் மீனை மயக்கிப் பிடிக்க அதன் சாற்றைக் கலப்பார்கள். அதிலுள்ள ரோட்டெனோன் ஒரு காலத்தில் 'இயற்கைப் பூச்சிக்கொல்லி' என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்பட்டது. மலாயாவிலிருந்தே அந்த வேர் ஏற்றுமதியானது. பிறகு, அந்தப் பொருள் எலிகளுக்குப் பார்க்கின்சன் நோய் போன்ற பாதிப்பை உண்டாக்குவது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. புகையிலைக் கஷாயமும் அப்படித்தான். அதிலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சு. அதோடு, புகையிலையில் இருக்கக்கூடிய ஒரு வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றிக்கொள்ளும். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது உயிருக்குள் என்ன செய்கிறது என்பதையே அறிவியல் கேட்கும்.

அப்படியானால் தெளிக்கவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். அது கடைசி வழியாக இருக்கட்டும் என்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, பூச்சியை அடையாளம் காணுங்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன். இலை மஞ்சளாகிச் சிறுத்துச் சுருண்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். வைரஸ் வந்த செடியை எந்தக் கஷாயமும் காப்பாற்றாது. பிடுங்கி அப்புறப்படுத்துவதே நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, எந்தப் பூச்சிவிரட்டியைவிடவும் பயன் தரும்.

இரண்டாவது, எறும்பைக் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். வாளியின் விளிம்பு சுவரையோ கம்பியையோ தொடாமல் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, உரத்தை அளவோடு போடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் மென்மையாகிச் சாறு கூடும். அதுவே அசுவினிக்கு விருந்து.

நான்காவது, பூக்க விடுங்கள். கொத்தமல்லி, துளசி இரண்டையும் ஒரு தொட்டியில் முழுதாகக் கிள்ளிவிடாமல் பூக்க விட்டால், அந்தச் சிறு பூக்களின் தேனுக்குக் குளவிகளும் மலர் ஈக்களும் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பூச்சி பெருகினால், விரலால் நசுக்குங்கள். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் வேப்பெண்ணெய் அல்லது மிதமான சோப்புக் கரைசல். சோப்பு, பூச்சியின் மேல் படும்போது அதன் மெழுகுப் பூச்சைக் கெடுத்து உலர வைக்கிறது. காய்ந்தபின் அதற்கு வேலையில்லை. பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு வேண்டாம். அது இலையின் மெழுகையும் கரைக்கும். என் செடி கருகியது அப்படித்தான். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரிப்பதைத் தடுக்கிறது. வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். எதைத் தெளித்தாலும், பூச்சி இருக்கும் கிளையில் மட்டும், மாலையில் தெளியுங்கள்.

வீட்டுத்தோட்டக்காரர்கள் மறந்துவிடும் ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பூச்சிமருந்தில்லாத கீரை தின்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொடுத்தால் அதில் என்ன நன்மை? தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது நாள்தோறும் நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு பெருகினால் புகையடிக்க வருவார்கள். அந்தப் புகை பொறிவண்டையும் தேனீயையும் அடையாளம் பார்த்து விட்டுவைக்காது.

பால்கனித் தோட்டம் ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்காது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுக் கங்கோங், சமையலுக்குக் கொஞ்சம் மிளகாய், கறிவேப்பிலை, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். ஆகவே கடைக் காய்கறியைக் கண்டு பயப்படாதீர்கள். ஓடும் நீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். காய்கறியே சாப்பிடாமல் இருப்பதைவிட அது பல மடங்கு நல்லது. வாளிச் செடி நமக்குத் தருவது உணவைவிட அறிவைத்தான். ஓட்டை விழுந்த ஓர் இலைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தவர், சந்தையில் ஓட்டை விழுந்த கீரையைத் தள்ளிவைக்கமாட்டார். அப்படி வாங்குபவர்கள் பெருகினால் விவசாயியும் ஒரு தெளிப்பைக் குறைக்கத் துணிவார்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு மிளகாய்ச் செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு, அசுவினியைக் கண்ட நாளிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை சோப்புக் கரைசல். மற்ற இரண்டுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். ஒவ்வொரு செடியிலும் ஐந்து இலைகளுக்கு அடையாளம் கட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் அசுவினியையும் பொறிவண்டுப் புழுவையும் எண்ணி எழுதுங்கள். நான்கு வாரம் தொடருங்கள். பத்தாவது மாடிக்குப் பொறிவண்டு வராமலே போகலாம், சோப்பே வெல்லலாம். எது வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். உங்கள் பள்ளித் தோட்டத்தில் என்ன செய்வது என்று அடுத்த முறை கேட்கும்போது, காணொளியில் பார்த்ததைச் சொல்வதற்குப் பதிலாக உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் காட்டலாம்.

இப்போது என் வாளிகளில் புதிய செடிகள் வளர்கின்றன. போன வாரம் ஓர் இலையின் அடியில் ஏழெட்டு அசுவினிகளைப் பார்த்தேன். கை தன்னால் புட்டியைத் தேடியது. தேதியை மட்டும் எழுதி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.