பேரீச்சம்பழத்துக்குப் போடுறதுக்கு முன்னாடி...

போன செமஸ்டர்ல ஒரு நாள் மதியம் ஒர்க்‌ஷாப் வாசலில் காயலான் கடை லாரி வந்து நின்றது. மூலையில் கிடந்த பழைய லேத்தை நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். எடைக்குத்தான் விலை. வருஷக்கணக்கா அதை ஓட்டின லேப் அண்ணன் பக்கத்தில் நின்று, "இதுல த்ரெட் போடும்போது கொஞ்சம் அடம்பிடிக்கும் தம்பி, அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். லாரி ஸ்டார்ட் ஆனது. அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கவனிக்கவில்லை.

அது உறுத்த ஆரம்பித்தது ரெண்டு வாரம் கழித்துத்தான். செமினாருக்காக பி-24 லிபரேட்டர் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தயாரித்த குண்டுவீச்சு விமானம். நாலு இன்ஜின், ஒவ்வொன்றும் 14 சிலிண்டர், சுமார் 1200 குதிரைத்திறன். மொத்தம் 18,000-க்கு மேல் செய்தார்கள். அதில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையிடமும் நிறைய இருந்தது. எல்லாம் அமெரிக்கா கடனாகக் கொடுத்தது. போர் முடிந்தால் திருப்பித் தரணும், இல்லையென்றால் அழிச்சிடணும். அதுதான் ஒப்பந்தம். அதனால் 1945-க்குப் பிறகு கான்பூரில் இருந்த விமானத் தளத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தி, மறுபடி பறக்கவே கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கணும். முடியவில்லை. சுதந்திரம் வந்த கையோடு நம்ம விமானப்படைக்குப் பெரிய விமானங்கள் தேவைப்பட்டன. புதுசா வாங்கக் காசு இல்லை. 1948-ல் பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கினார்கள். இதிலிருந்து ஒரு பாகம், அதிலிருந்து ஒரு பாகம் என்று கழற்றி மாட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். டெஸ்ட் பைலட் ஜிம்மி முன்ஷி அவற்றை அங்கிருந்து சுமார் 1500 கி.மீ. தள்ளியிருக்கிற பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். மீதி ரிப்பேர் அங்கே நடந்தது. இப்படி உயிர் வந்தவை சுமார் 40. அவை 1968 வரை நம்ம விமானப்படையில் வேலை பார்த்தன.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்று உலகத்தில் முழுசாக மிஞ்சியிருக்கிற லிபரேட்டர்கள் ஒரு டஜன் சொச்சம்தான். அதில் கிட்டத்தட்ட பாதி, இந்திய விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவை. ஒன்று டெல்லி பாலம் மியூசியத்தில் நிற்கிறது. பிரிட்டனுக்கு 1974-ல் ஒன்று பரிசாகப் போனது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மற்றவை இருக்கின்றன. செய்த நாடே பெரும்பாலானதை உருக்கிவிட்டது. உடைந்ததை ரிப்பேர் பண்ணத் தெரிந்த ஊரில்தான் மிஞ்சியது.

பழசைப் பாதுகாக்கிறது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் வேலை என்று நாம நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது முதலில் நம்ம வேலை. துரு எங்கே பிடிக்கும், எந்த ரப்பர் முதலில் வெடிக்கும், எந்த ஸ்க்ரூவைத் தொட்டால் மொத்தமும் கழன்று வரும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இல்லாமல் எந்த மியூசியமும் ஒரு மெஷினைக் காப்பாற்ற முடியாது. அதுமட்டுமில்லை. 1948-ல் இருபது வயதில் அங்கே ஸ்பேனர் பிடித்தவருக்கு இன்று 95 தாண்டியிருக்கும். விமானம் நிற்கும். அந்தக் கை நிற்காது.

"குண்டு போட்ட விமானத்துக்கு எதுக்குடா கோயில்?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. கோயில் வேண்டாம், சாட்சி வேண்டும். சயாம் மரண ரயில் பாதை போட மலாயாவில் இருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே பாதையின் பாலங்கள் மேல் குண்டு போட்டவை இந்தியாவில் இருந்து கிளம்பிய லிபரேட்டர்கள். அந்த மெஷின் முன்னால் நின்றால் இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பேசியாகணும். மெஷினும் இல்லை என்றால் பேச்சே வராது.

இன்னொரு பதில் எனக்கே தெரியும்: இடம் இல்லை. சரி, எல்லாத்தையும் வைத்துக்கொள்ள முடியாது, வைக்கவும் வேண்டாம். ஆனால் லாரி வருவதற்கு முன் மூணு வேலை செய்யலாம். ஒன்று, நாலு பக்கமும் போட்டோ. ரெண்டு, நேம் பிளேட்டைக் கழற்றி வைப்பது, கூடவே மேனுவல் இருந்தால் ஸ்கேன். மூணு, அதை ஓட்டினவரை அரை மணி நேரம் பேசவிட்டு ரெக்கார்ட் பண்ணுவது. செலவு பூஜ்யம். சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்பேட்டைப் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஹோம்வொர்க்: அங்கே இருக்கிறது போர்க்கால ரன்வே. செமஸ்டர் லீவுக்குப் போகும்போது தாத்தா பாட்டிகிட்ட என்ன பார்த்தாங்கன்னு கேளுங்க.

அந்த லேத்துக்கு நான் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. இந்நேரம் அது உருகி கம்பியாகி ஏதோ ஒரு பில்டிங்குக்குள் போயிருக்கும். ஆனால் லேப் அண்ணன் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அவர் அன்றைக்குப் பாதியில் விட்ட அந்த "ஒரு வழி" என்ன என்று வெள்ளிக்கிழமை லன்ச் பிரேக்கில் கேட்கப் போகிறேன். போனில் ரெக்கார்டர் ரெடி. யாராவது கூட வர்றீங்களா?