இயற்பியல் சோறு போடுமா?

மகள் பிளஸ்-2 தேறிவிட்டாள். "பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன்" என்கிறாள். "அது சோறு போடுமா?" என்று கேட்கிறார் அப்பா.

நியாயமான கேள்விதான்! கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பி.எஸ்சி.க்கு 3 ஆண்டு. அதோடு நின்றால், எல்லாப் பட்டதாரிகளையும் போல வங்கித் தேர்வு எழுத வேண்டியதுதான்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஆக வேண்டுமா? எம்.எஸ்சி.க்கு 2 ஆண்டு. அதன் மேல் பி.எட்.! ஆறேழு ஆண்டு ஓடிவிடும். ஆராய்ச்சி என்றால் இன்னும் நீளும்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. பெரிய செலவு எது தெரியுமா? இத்தனை ஆண்டும் வீட்டுக்கு வராத சம்பளம்!

சர். சி.வி. ராமன் 1907-ல் எம்.ஏ. தேறினார். உடனே நிதி இலாகா வேலையில் சேர்ந்தார். அலுவலக நேரம் போக, கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார். 1917-ல்தான், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு! எல்லோருக்கும் அது கிடைக்குமா? கிடைக்காது.

அப்துல் கலாம் திருச்சியில் இயற்பியல் படித்து, 1954-ல் பட்டம் பெற்றார். தமக்கு ஏற்றது பொறியியல் என்று பிறகே உணர்ந்தார். மீண்டும் படிக்கப் பணம் இல்லை. அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்!

படிப்பவர் ஒருவர், சுமப்பது குடும்பம்.

ஆகவே மகளிடம் கேளுங்கள்: "ஆறேழு ஆண்டு படிக்கச் சம்மதமா?" பொறியியலில் இடம் கிடைக்காததால்தான் வந்தேன் என்றால், வேண்டாம். ஆசையோடு "சம்மதம்" என்றால், குறுக்கே நிற்காதீர்கள்.

வளையலை அடகு வைக்கும் முன் கணக்குப் போடுங்கள். கணக்கு நேரானால், தயங்காமல் வையுங்கள்!