ஒரே பெட்டி எண்ணில் ஓராயிரம் பேர்



கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிரப்ப முனைந்தபோது, 'உங்கள் முகவரியிலிருந்து ஐயத்திற்குரிய செயல்கள் நடந்துள்ளன. அனுமதி மறுக்கப்படுகிறது' என்று திரையில் வந்ததாம். "வீட்டில் இருப்பது ஒரே போன். அதைத் தொடுபவர்கள் நானும் என் மகளும்தான். எங்கள் முகவரியிலிருந்து யார், என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறார். அண்டை வீட்டாரின் போனில் முயன்றபோது அதே படிவம் தடையின்றித் திறந்துகொண்டதாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் போலீஸ் வீடு தேடி வருமோ என்ற கலக்கம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

சகோதரி கலங்க வேண்டியதில்லை. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அந்த முகவரி அவருக்கு மட்டும் உரியதன்று என்பதே செய்தி. அதே நேரத்தில் அதே முகவரியில் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். அவர்களில் எவரோ செய்த வினைக்கு இவர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

இதை விளக்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. என் மாமா சவூதிக்குச் சபர் போயிருந்த காலத்தை நினைத்தாலே போதும். அங்கே வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரும் வழக்கம் இல்லை. கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி எண். முகாமில் இருந்த முந்நூறு பேருக்கும் அந்த ஒரே எண்தான். அலுவலகத்து ஆள் ஒருவர் கட்டைத் தூக்கி வந்து, பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். ஒருமுறை யாருக்கோ வந்த பார்சலில் ஏதோ இருந்ததாகச் சொல்லி, அந்தப் பெட்டிக்கு வந்த தபால்கள் அனைத்தையும் பதினைந்து நாள்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாமாவுக்கு மகள் பிறந்த செய்தியைத் தாங்கிய கடிதமும் அந்தக் குவியலுக்குள் கிடந்தது.

இன்றைய இணையத்தில் நம்மில் பெரும்பாலோர் அந்த முகாம்வாசிகளைப் போலத்தான் இருக்கிறோம். ஏன் இப்படி ஆயிற்று?

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். ஐபி முகவரி என்பது அதுதான். இப்போதும் பெருவழக்கில் இருக்கும் நான்காம் பதிப்பு முகவரி, சுழியமும் ஒன்றுமாக 32 இலக்கங்கள் கொண்டது. 32 இலக்கங்களை எத்தனை விதமாக மாற்றி அடுக்கினாலும் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தாம் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. 1970களில் இதை வகுத்த வின்டன் செர்ஃப் முதலியோர் ஓர் ஆய்வு முயற்சிக்கு அது தாராளம் என்றே கருதினர். கணிப்பொறி என்றால் ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம் என்றிருந்த காலம் அது. சட்டைப் பையில் இணையம் வரும் என்று அன்று யார் கண்டார்?

தாராளமாக இருந்ததால் தாராளமாகவே வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்திற்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு அதே அளவு. ஆப்பிள் நிறுவனத்திற்கும் அதே அளவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் பங்கை 2000இல் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வரவில்லை. எம்.ஐ.டி. தன் பங்கில் ஒரு பெரும்பகுதியை 2017இல் அமேசானுக்கு விற்றது. இலவசமாகப் பெற்றதை விற்பது முறையா என்று நான் கேட்டால், அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லையே என்பார்கள். போகட்டும்.

முந்தி வந்தவர்கள் முற்றத்தை அடைத்துக்கொண்டார்கள். பிந்தி வந்தவர்களுக்குத் திண்ணையும் மிஞ்சவில்லை. அமெரிக்காவின் கையில் 150 கோடிக்கும் அதிகமான முகவரிகள் இருக்கின்றன. அந்நாட்டின் மக்கள்தொகையோ 35 கோடியைத் தொடவில்லை. இந்தியாவில் இணைய இணைப்புகள் 90 கோடியைத் தாண்டிவிட்டன. நம் நாட்டின் கணக்கில் உள்ள முகவரிகள் ஏறத்தாழ நான்கு கோடி. பங்கிட்டுப் பார்த்தால் இருபது இணைப்புகளுக்கு ஒன்று என்றுகூடத் தேறவில்லை.

1995ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. இரண்டே வாரங்களில், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஒன்று பேசுவதற்கு, மற்றது கணிப்பொறிக்கு என்றுதான் அன்று எல்லாரும் எண்ணினோம். இரண்டும் ஒரே கருவிக்குள் குடிபுகும் என்று எண்ணவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வேறொன்றும் நடந்தது. முகவரிகள் தீர்ந்துபோகும் என்பதைக் கணக்கிட்டறிந்த வல்லுநர்கள், ஆறாம் பதிப்பு முகவரி முறையின் முதல் வரைவை வெளியிட்டார்கள். ஆக, நோய் முற்றும் முன்பே மருந்து தயாராகிவிட்டது. நோயாளிதான் அதைக் குடிக்கவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்றால், அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கைவைத்தியம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வீட்டிற்கோ அலுவலகத்திற்கோ வெளியே ஒரே முகவரி. உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் தனித்தனி உள்ளெண்கள். வாசலில் இருக்கும் பெட்டி ஒரு பதிவேடு வைத்துக்கொண்டு, எந்தப் பதில் எந்தக் கருவிக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்கும். ஒரு வீட்டளவில் இதில் பெருங்கேடு ஒன்றும் இல்லை. அந்த முகவரி ஒரு குடும்பத்தைச் சுட்டியது. குடும்பத்தார் அதற்குப் பொறுப்பாக இருந்தனர்.

கைப்பேசி பெருகிய பிறகு அந்தக் கைவைத்தியமே அன்றாட உணவாகிவிட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அந்த ஏப்ரலிலேயே நம் ஆசிய வட்டாரம் தன் இறுதித் தொகுதியைத் தொட்டுவிட்டது. பிறகு சந்தை பிறந்தது. திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் அதே 2011இல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்குப் பதினோரு டாலர் சொச்சம். பத்தாண்டுகளில் அந்த விலை ஐம்பது டாலரைக் கடந்ததும் உண்டு. பணம் உள்ளவர்கள் வாங்கினார்கள். தொலைபேசிக் கம்பெனிகளோ வீட்டு வாசலில் நடந்த பங்கீட்டை ஊரளவுக்கு விரித்து, ஒரு முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களை நிறுத்தின. மாமாவின் முகாமும் ஒற்றைத் தபால் பெட்டியும் மீண்டும் வந்துவிட்டன.

கதார் நாட்டில் நடந்ததை நம் குடும்பங்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். 2007ஆம் ஆண்டு பிறந்த பொழுதில் விக்கிப்பீடியா தளத்தின் பொறுப்பாளர் ஒருவர், தொடர்ந்து குறும்பு செய்துவந்த ஒரு முகவரியைத் தடை செய்தார். ஏதோ ஒரு விஷமக்காரனைத் தடுத்ததாக அவர் எண்ணியிருப்பார். அந்நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. சில மணி நேரம் அங்கிருந்தோர் பெயர் பதியாமல் அத்தளத்தில் எதையும் எழுதவோ திருத்தவோ முடியாமற் போயிற்று. தடை பின்னர் நீக்கப்பட்டது.

அது சில மணி நேர இடைஞ்சல். அதே 2007இல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளருக்கு நேர்ந்ததோ இடைஞ்சல் அன்று. ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திய படம் பற்றிய வழக்கில், இணைய முகவரியைக் கொண்டு அவரே குற்றவாளி எனக் கருதிப் புனே காவல்துறை கைது செய்தது. முகவரிக்கு உரியவர் என்று காட்டப்பட்ட விவரம் தவறானது. தவறு தெளிவாகி வெளியே வருவதற்குள் அவர் ஐம்பது நாள்கள் சிறையில் கழித்துவிட்டார். பதிவேட்டில் ஒரு வரி பிசகியதற்கு இந்த விலை. இன்றோ ஒரே நொடியில் ஒரே முகவரியில் பலர் இருக்கிறார்கள். தேதியும் நேரமும் மட்டும் போதா. 'போர்ட்' எனப்படும் உள்ளெண்ணும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும். பல இணைய தளங்கள் அந்த எண்ணைக் குறித்து வைப்பதேயில்லை. ஐயத்தின் நிழல் எளிதில் விழும் இடங்களில் வாழ்வோருக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

பெல்ஜியம் நாடு இதை முன்னதாகவே உணர்ந்தது. 2012இல் அங்குள்ள இணையக் கம்பெனிகள், ஒரு முகவரிக்குப் பின்னால் 16 சந்தாதாரர்களுக்கு மேல் நிறுத்துவதில்லை என்று இணங்கின. பங்கிடும் வழி குறுகியதும் அக்கம்பெனிகள் விரைந்து புதிய முறைக்கு மாறின. ஆறாம் பதிப்பில் முன்னணியில் நின்ற நாடுகளுள் ஒன்றாக பெல்ஜியம் ஆயிற்று. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் 2017இல் இந்தப் பங்கீட்டு முறைக்கு முடிவு கட்ட வேண்டும் என்று கூறியது. காவல்துறையின் வசதியும் குடிமகனின் மானமும் ஒரே பக்கத்தில் நிற்பது அரிது. இதில் நிற்கின்றன.

ஆறாம் பதிப்பு முகவரி 128 இலக்கங்கள் கொண்டது. அதன் மொத்த எண்ணிக்கையை எழுத, 34 என்று போட்டு அதன்பின் 37 சுழியங்கள் இட வேண்டும். எல்லாக் கைப்பேசிக்கும் தனித்தனியே கொடுத்தாலும் குறையாது. தனி முகவரி என்றால் எவரும் நம்மைத் தொடர்ந்து கண்காணிக்கலாமே என்று ஐயுறுவோருக்கு ஒரு சொல்: அதன் பின்பாதியைக் கைப்பேசிகள் அவ்வப்போது தாமே மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. இன்னொரு நன்மையும் உண்டு. இப்போது கோலாலம்பூரில் இருக்கும் மகனும் காயல்பட்டினத்தில் இருக்கும் உம்மாவும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, இருவருமே பங்கு முகவரிக்குப் பின்னால் இருந்தால், அந்தப் பேச்சு பல நேரங்களில் இடையிலுள்ள ஒரு கம்பெனிக் கணிப்பொறியைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. பெட்டி எண்ணை மட்டும் அறிந்தவர் நேரே அறைக்கு வந்து கதவைத் தட்ட முடியாதல்லவா?

மகிழ்ச்சிக்குரிய செய்தி, நெருக்கடியைக் கொண்டுவந்த கைப்பேசியே அதைத் தீர்க்கவும் தொடங்கியிருப்பது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ, கோடிக்கணக்கானோருக்குப் பழைய முகவரிகளைத் தேடி வாங்குவதைவிடப் புதியதைக் கொடுப்பதே எளிது என்ற நிலையில் இருந்தது, அப்படியே செய்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். இன்று இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் மூவரில் இருவருக்கு மேல் ஆறாம் பதிப்பு கிடைக்கிறது. உலக அளவில் இது இன்னும் பாதியளவே. தொலைபேசியில் பிந்தி வந்த நாம் இதில் முந்தியிருக்கிறோம்.

அப்படியானால் அந்தச் சகோதரிக்கு ஏன் இந்த இடர்? அவருடைய போனுக்குப் புதிய முகவரி இருந்திருக்கவே கூடும். ஆனால் பழைய முறையும் புதிய முறையும் ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாதவை. எதிர்ப்பக்கத்தில் உள்ள தளம் பழைய முகவரியில் மட்டும் குடியிருந்தால், நம் கைப்பேசியும் பங்கு வாசல் வழியாகத்தான் அங்கே போயாக வேண்டும். கல்லூரிகள், அலுவலகங்கள், சிறு நிறுவனங்கள் எனப் பலவும் தளம் அமைத்த நாளில் இருந்த நிலையிலேயே இருக்கின்றன. எழுதிக் கேட்கலாம், கேட்க வேண்டும். அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுப்போரிடம் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறது. நம் வேண்டுகோளைவிட அந்த ரசீது விரைந்து வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

சகோதரிக்கு இன்னும் இரண்டு சொற்கள். அந்த அறிவிப்பு ஓர் இயந்திரம் தானாகக் காட்டியது. காவல்துறைக்குச் சென்ற புகார் அன்று. மீண்டும் அப்படி வந்தால் போனை விமானப் பயண நிலைக்கு மாற்றி, சிறிது பொறுத்துத் திரும்ப இணையுங்கள். பெரும்பாலும் வேறு வாசல் கிடைக்கும். வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்போர், வாசல் பெட்டியின் அமைப்புகளில் ஆறாம் பதிப்பு இயங்குகிறதா என்று கம்பெனிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் மட்டும் தெரிந்தால் அது பழையது. முக்காற்புள்ளிகள் இட்ட நீண்ட கோவையும் தெரிந்தால் புதியதும் இருக்கிறது. இவ்வளவும் எழுதிய பிறகுதான் என் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்தே அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.