முன்வாசல் இருக்கக் கொல்லைப்புறம் ஏன்?

சட்டமன்றக் கட்சித் தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், மாலை என்ன, வெடி என்ன, ஊர்வலம் என்ன! எத்தனை பேருடைய மனது, எந்த அறையில், என்ன விலைக்கு ஒன்றாயிற்று என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், கட்சிக் கட்டுப்பாடு தெரியாதவன் என்பார்கள். கட்டுப்பாட்டில் நமக்கும் பற்று உண்டு. யாருக்குக் கட்டுப்படுவது என்பதில்தான் வழக்கு.

1952-ஐ எண்ணிப் பாருங்கள். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை இராச்சியம். சட்டமன்றத்தில் இடங்கள் 375. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மைக்கு வெகு தூரம்! எதிர்க்கட்சிகள் கூடி, பிரகாசம் அவர்களைத் தலைவராகக் கொண்டு முன்னணி அமைத்து, எங்களிடம் 166 பேர் இருக்கின்றனர் என்றன. கவர்னர் சிறீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ஆச்சாரியாரை மேல்சபைக்கு நியமித்தார்; அமைச்சரவை அமைக்கவும் அழைத்தார். இலக்கியம், கலை, அறிவியல், கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோருக்கென அரசியல் சட்டம் ஒதுக்கிய நாற்காலி அது. ஆச்சாரியார் இலக்கியம் அறிந்தவரே, மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர் எழுதப் போனது இராமாயணமா, அமைச்சர் பட்டியலா? பொதுவுடைமைத் தோழர் பி.இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார், பயனில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சந்தை. அந்தத் தேர்தலில் போட்டியிடாத தி.மு.கழகம், திராவிட நாடு கோரிக்கையை ஏற்பதாகக் கையெழுத்திட்டோரை ஆதரித்தது. காமன்வீல் கட்சிக்கும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. வெயிலில் நடந்து, தொண்டை வற்றக் கத்தி, சுவரெல்லாம் எழுதி வெற்றி தேடித் தந்தார்கள் தொண்டர்கள். எதிர்த்து நின்றது காங்கிரசை! ஆறு உறுப்பினர்களைக் கொண்ட காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர், ஆச்சாரியார் அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சரானார். சூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. ஏப்ரலில் 152, சூலையில் 200! இடையில் தேர்தலா நடந்தது? மக்களை ஒரு சொல் கேட்டார்களா?

அந்த வாக்காளனை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. வேண்டாம் என்று சொல்லி வாக்களித்தான். அவன் வாக்கைக் கொண்டே வேண்டும் என்று கணக்கெழுதிவிட்டார்கள். அப்படி அமர்ந்த ஆட்சிதான் 1953-இல் குலக்கல்வியைக் கொண்டுவந்தது. எங்களைக் கேட்டா செய்தாய் என்று நாடு கொதித்ததில் வியப்பென்ன?

அதே காங்கிரசில் 1954-இல் வேறொரு காட்சி. ஆச்சாரியார் விலகினார். காமராசர் ஒருபுறம், சி.சுப்பிரமணியம் மறுபுறம். வாக்கு எண்ணினார்கள்: 93-க்கு 41. தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் காமராசர். மேல்சபையின் பின்கதவு அவருக்கும் திறந்துதான் இருந்தது. அவரோ குடியாத்தம் சென்று மக்களிடம் வாக்குக் கேட்டார். (உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியாரையும் அமைச்சராக்கி, ஆச்சாரியார் தொடங்கிய பண்டமாற்றை முடித்து வைத்தவரும் அவரே. அதை மறைப்பானேன்?) ஆயினும் 41 பேர் மாற்றிப் போட்டார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது, கட்சி குடிமுழுகிப் போய்விடவில்லை.

இனி, ஏகமனதின் இலட்சணத்தைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 5-இல் அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சி, சட்டமன்றத்தில் இடமே இல்லாத சசிகலா அம்மையாரை ஏகமனதாகத் தலைவராக்கியது. முன்மொழிந்தவர் பன்னீர்செல்வம். இரண்டே நாளில், என்னைக் கட்டாயப்படுத்தி விலகவைத்தார்கள் என்றார் அதே பன்னீர்செல்வம்! முன்மொழிந்தவர் மனதே அந்த ஏகமனதில் இல்லை. அப்புறம் கூவத்தூர் கடற்கரை விடுதி. மக்கள் அனுப்பிய உறுப்பினர்களை மக்கள் காணவொட்டாமல் காவல். பதினெட்டாம் நாள் 122-க்கு 11 என்று கணக்கு முடிந்தது.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததே, அது போதாதா என்பர் சிலர். அச்சட்டம் மன்றத்தில் தூக்கும் கையைக் கட்டுகிறது; தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அறையின் தாழ்ப்பாளை அது தொடவேயில்லை. போதாக்குறைக்கு, ஒருவர் தாவினால் தாவல், மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து தாவினால் இணைப்பு! சில்லறைக்குத் தண்டனை, மொத்த வியாபாரத்துக்கு மரியாதை.

வெற்றி பெற்ற கட்சி எதுவாயினும் சரி, நாம் கேட்பது இதுதான். தேர்தல் முடிந்த அன்றே கட்சி உறுப்பினர்கள் கூடட்டும். விரும்புவோர் போட்டியிடட்டும். மறைவாக்கு எடுத்து, யாருக்கு எத்தனை என்று அன்று மாலையே வெளியே ஒட்டட்டும். அதன்பின் தோற்றவர் வென்றவர் பின்னால் நிற்கட்டும். அதற்குப் பெயர் கட்டுப்பாடு. மேலிடத்து உறையைப் பிரித்துப் பெயரைப் படித்துவிட்டுக் கைதட்டுவதற்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எதற்கு? தபால்காரர் போதுமே! 1954-இல் 93 என்றும் 41 என்றும் சொல்ல முடிந்தது. இன்று அப்படி ஒரு கணக்கு எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட இந்த ஏடு காத்திருக்கிறது.