பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? அடியில குனிஞ்சு பாருங்க!

விடிவதற்குள் கம்பம், போடி பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறிவிடும். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவின் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்தான். ஒருமுறை அதில் குலுங்கி வந்தவர்களுக்கு, ‘நாமும் ஒண்ணு வாங்கினா என்ன?’ என்று தோன்றிவிடும்.

தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் புது பெயின்ட்டில் மயங்காதீர்கள். ஜீப் என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதில்லை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மஹிந்திரா ஜீப்புகள் ஏராளம். குனிந்து, முன் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் போகிறதா என்று பாருங்கள். பிறகு மண் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் வேண்டாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை என்பதால் கியர்கள் இறுகிக்கொள்ளும்.

சேஸியில் துருவோ, வெல்டிங் ஒட்டோ இருந்தால் விலை பேசாமலே கிளம்பிவிடலாம். சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாங்கிய பிறகுதான் வேலையே. ஓடையில் இறங்கி ஏறினால் ஆக்ஸில் ஆயிலைப் பார்த்துவிடுங்கள். பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். அதைவிட முக்கியம் பிரேக். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறங்குங்கள். ஸ்டிக்கருக்கும் கூடுதல் லைட்டுக்கும் எடுத்துவைத்த பணத்தில், முதலில் நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.