இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமா? லாரி மைலேஜ் கணக்கு சொல்வது என்ன?

பெங்களூரிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. லோடு ஏற்றிய லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் போகும் வண்டிகள் மீது மோதியது என்ற செய்தி இங்கிருந்து திரும்பத் திரும்ப வரும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கு நடந்த தொடர் மோதல்கள் உயிர்களைப் பறித்தன.

மலைச்சாலை இறக்கங்களில் 'நியூட்ரலில் ஓட்டாதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள்' என்று போலீஸார் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். அப்புறமும் சிலர் ஏன் நியூட்ரல் போடுறாங்க? டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி?

டீசல் எவ்வளவு பெரிய செலவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 10,000 கி.மீ. ஓடும் லோடு லாரி, லிட்டருக்கு 4 கி.மீ. மைலேஜ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,500 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 2.3 லட்சம் ரூபாய்.

டீசல் விலையை ஓனரும் டிரைவரும் மாற்ற முடியாது. டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால், மத்திய கலால் வரி, மாநில வாட் வரி எல்லாம் அந்த விலைக்குள்ளேயே இருக்கின்றன. அவர்கள் கையில் இருப்பது மைலேஜ் மட்டும்தான். மேலே சொன்ன அதே லாரி 4-க்குப் பதில் 4.4 கி.மீ. கொடுத்தால், மாதம் சுமார் 20,900 ரூபாய் மிச்சம். அதனால்தான் ஒவ்வொரு லிட்டருக்கும் இவ்வளவு கணக்கு பார்க்கிறார்கள்.

நியூட்ரலில் இன்ஜின் என்ன செய்கிறது?

நியூட்ரல் போட்டதும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க, அது தொடர்ந்து டீசல் குடித்தாக வேண்டும். ஐடிலிங்கில் மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால், 10 நிமிட இறக்கத்துக்கு சுமார் 330 மில்லி. அதாவது 30 ரூபாய்.

கியரில் இறங்கினால் நிலைமை வேறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. இப்போதைய மின்னணு டீசல் இன்ஜின்கள் இதைக் கண்டுபிடித்து, எரிபொருள் செலுத்துவதையே நிறுத்திவிடும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

லேசான சரிவில் நியூட்ரல் வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மை. ஆனால் தொப்பூர் மாதிரி செங்குத்தான இறக்கத்தில் கூடுதல் வேகத்தை எப்படியும் பிரேக் போட்டுத்தான் குறைக்கணும். அங்கே நியூட்ரலால் லாபம் இல்லை, நஷ்டம்தான்.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் வந்தால் இதில் ஒரு பகுதியை இன்ஜினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் பெரும்பகுதியும் பிரேக் டிரம்மில் வெப்பமாக இறங்கும். டிரம் சூடாகி விரிவடையும். லைனிங்கின் பிடிமானம் குறையும். மிதித்தாலும் வண்டி நிற்காது. அந்த வேகத்தில் திரும்பக் கியரில் போடுவதும் பெரும்பாலும் நடக்காது.

இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். ஏர் கம்ப்ரசர் நின்றுவிடும். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் டேங்கில் உள்ள காற்றழுத்தம் குறையும். பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது.

அப்போ எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

வேகம்: காற்றின் தடை, வேகத்தின் இருமடிப்படி கூடும். 80 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் காற்றுத் தடை சுமார் 44 சதவீதம் குறையும்.

நிற்கும் நேரம்: லோடு ஏற்ற, இறக்க வரிசையில் தினமும் 2 மணி நேரம் இன்ஜின் ஓடினால், 25 நாளில் 100 லிட்டர், 9,200 ரூபாய் காலி.

டயர்: காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், சூடாகும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போதே கேஜ் வைத்துப் பார்க்கணும்.

ஓட்டும் முறை: முன்கூட்டியே சாலையைக் கவனித்துக் காலை எடுத்தால், மிதித்து ஏற்றிய வேகத்தை பிரேக்கில் வீணாக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு: அடைத்த ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், அலைன்மென்ட் தப்பிய சக்கரம் மூன்றுமே சத்தமில்லாமல் டீசலைக் குடிப்பவை.

மிச்சமாகும் பணம் யாருக்கு?

மைலேஜ் டிரைவரின் காலில் இருக்கிறது. ஆனால் நேரம் அவர் கையில் இல்லை. 400 கி.மீ. தூரத்தை 80-ல் ஓட்டினால் 5 மணி நேரம்; 60-ல் ஓட்டினால் கூடுதலாக 1 மணி 40 நிமிடம். 'காலையில லோடு இறங்கணும்' என்று சொல்லிவிட்டு மைலேஜும் கேட்டால், இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

நிற்கும்போது இன்ஜின் ஓடுவதிலும் இதே சிக்கல்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். வெயிலில் பல மணி நேரம் காத்திருக்கும் டிரைவரிடம் 'இன்ஜினை அணை' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும், நிழலான ஓய்விடம் தருவதும் சரக்கு ஏற்றும் நிறுவனத்தின் பொறுப்பு.

ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல்தான் என்று ஓனர் கட்டு பேசி, கூடுதலாகச் செலவானால் டிரைவரின் சம்பளத்தில் பிடித்தால், நியூட்ரல் போடும் ஆசைக்கு அதுவே தூண்டுதலாகிவிடும். அதற்குப் பதில், ரூட்டையும் லோடையும் பார்த்து மைலேஜ் இலக்கு வைத்து, மிச்சமாகும் தொகையில் டிரைவருக்குப் பங்கு கொடுக்கலாம். நியூட்ரலில் ஓட்டினால் அந்தப் பங்கு கிடையாது என்பதையும் முதலிலேயே பேசிவிடலாம். வண்டியில் உள்ள ஜிபிஎஸ், டெலிமேட்டிக்ஸ் கருவிகளில் இன்ஜின் சுழற்சியையும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

தொப்பூர் இறக்கத்துக்கு அதுவரை ஒரே வழிதான்: இறங்கத் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, கடைசி வரை கியரிலேயே வருவது. டீசல் கணக்குப்படியும் அதுதான் மலிவு.